“ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்”: காது கேளாத பிள்ளைகளின் பதின்வயது

தமிழ்நாட்டில் 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் உண்டு. உள்காதில் ஒரு கருவியைப் பொருத்தி, வெளியே மாட்டும் மெஷின் வழியாகக் கேட்க வைக்கும் சிகிச்சை அது. பல லட்சம் செலவாகும் ஒரு சிகிச்சை, கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்தது பெரிய விஷயம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதனால் பயன் பெற்றார்கள். அந்தத் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் மூன்று, நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்போது பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் இருக்கிறார்கள். சிலருக்கு மீசை முளைத்துவிட்டது.

மூன்று வயதில் அந்தப் பிள்ளையைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபி, மெஷினைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்யும் மேப்பிங், வாரத்துக்கு இத்தனை வகுப்பு என்று அம்மாவின் வாழ்க்கையே அதைச் சுற்றி ஓடியது. பதினைந்து வயதில் அந்தக் கூட்டம் இல்லை. “மெஷின் இருக்கு, பேச்சு வந்துடுச்சு, இனி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்” என்று எல்லோரும் நம்பி விலகிக்கொள்கிறார்கள். காதுக்கு மாட்டும் சாதாரண ஹியரிங் எய்டோடு வளர்ந்த பிள்ளைக்கும், எதுவும் கேட்காமல் சைகையோடு வளர்ந்த பிள்ளைக்கும் இதே கதைதான். சின்ன வயதில் அவர்களைப் பேச வைக்க நாம் பட்ட பாட்டில் பாதியைக்கூட, வளர்ந்த பிறகு அவர்களோடு பேசிக்கொண்டிருப்பதற்குச் செலவிடுவதில்லை. பதின்வயதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தை யோசித்துப் பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, நடுவில் பதினான்கு வயதுப் பையன். டிவி ஓடுகிறது, மேலே ஃபேன் சுற்றுகிறது. பாட்டி ஏதோ சொல்ல, அக்கா குறுக்கே பேச, எல்லோரும் சிரிக்கிறார்கள். பையன் நிமிர்ந்து “என்ன?” என்கிறான். “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன், சாப்பிடு” என்கிறாள் அம்மா. அவள் மேல் தப்பில்லை, வாயில் சோறு இருக்கிறது. ஆனால் அந்த ‘அப்புறம்’ வருவதில்லை. வந்தாலும் முழுக் கதையும் ஒரே வரியாகச் சுருங்கித்தான் வரும்: “மாமா வீட்டுல சண்டையாம்.” யார் என்ன சொன்னார்கள், ஏன் கோபம், யார் சமாதானம் செய்தார்கள் என்ற எதுவும் அவனிடம் வந்து சேராது. உலகம் முழுக்கக் காது கேளாதவர்கள் தங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சொல்லும்போது திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சி இந்தச் சாப்பாட்டு நேரம்தான்.

இதில் போவது ஒரு சிரிப்பு மட்டும்தான் என்றால் பரவாயில்லை. காது கேட்கும் பிள்ளைகள் வாழ்க்கையில் கற்றுக்கொள்வதில் ஏகப்பட்டது யாரும் சொல்லிக்கொடுக்காமல், பக்கத்து அறையிலிருந்து காதில் விழுந்து வருவது. கடன் வாங்கினால் என்ன ஆகும், சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை, ஒருவர் கிண்டலாகச் சொல்வதற்கும் நிஜமாகத் திட்டுவதற்கும் என்ன வித்தியாசம், தப்பு செய்தவர் எப்படி மன்னிப்புக் கேட்கிறார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லை. மெஷின் நன்றாக வேலை செய்வது அமைதியான அறையில், ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குள், முகம் பார்த்துப் பேசும்போதுதான். பக்கத்து அறையில் பேசுவதை அது கொண்டுவந்து கொடுக்காது. அதனால்தான் பாடத்தில் சுட்டியாக இருக்கும் ஒரு பெண், சொந்தக்காரர்கள் நடுவே விவரமில்லாதவள் போலத் தெரிகிறாள். அவளுக்கு விவரம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

2012-ல் லான்செட் மருத்துவ இதழில் ஃபெலிங்கர், ஹோல்சிங்கர், பொல்லார்ட் ஆகிய மூவரும் காது கேளாதவர்களின் மனநலம் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு வரியை ஒவ்வொரு ஆடியாலஜி அறையின் சுவரிலும் எழுதி ஒட்டலாம். வீட்டில் தான் சொல்வதைப் புரியவைக்க முடியாத காது கேளாத பிள்ளைக்கு மனநலப் பிரச்சினை வரும் வாய்ப்பு, அந்தச் சிக்கல் இல்லாத குடும்பத்துப் பிள்ளையைவிட நான்கு மடங்கு. பள்ளியில் துன்புறுத்தப்படும் வாய்ப்பும் அதிகம். கேட்கும் திறனில் எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறை என்பதை விட, வீட்டில் பேச்சு ஓடுகிறதா என்பதே இங்கே கணக்கில் வருகிறது. பேச்சு என்றால் வாய்ப்பேச்சாக இருக்கலாம், சைகையாக இருக்கலாம், வாட்ஸ்அப்பில் எழுதியதாகவும் இருக்கலாம்.

“பையனுக்கு ரொம்பக் கோபம் வருது, கதவைச் சாத்திக்கிறான், தட்டைத் தூக்கி எறியறான்” என்று வரும் பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: கடைசியாக அவனோடு பத்து நிமிடம், படிப்பையும் மெஷினையும் பற்றி இல்லாமல், சும்மா பேசியது எப்போது? பல வீடுகளில் பதிலே வராது. வருஷக்கணக்காக அவனோடு நடந்த பேச்செல்லாம் “சொல்லு, இன்னொரு தடவை சொல்லு, சரியா சொல்லு” என்ற பயிற்சியாகவே இருந்திருக்கிறது. பொறாமை, அவமானம், ஏமாற்றம், சலிப்பு என்று மனசுக்குள் நடப்பதற்குப் பெயர் தெரியாத பிள்ளை, எல்லாவற்றையும் ‘கோபம்’ என்ற ஒன்றாகவே வெளியே காட்டும்.

பேச்சுத் தமிழ் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கஷ்டம் தனி. நம் பேச்சில் சொல்லின் கடைசிதான் முக்கியமான செய்தியைச் சுமக்கிறது. அதையேதான் நாம் விழுங்கியும் பேசுகிறோம். ‘வந்தான்’ என்பது மூக்கில் கரைந்து போகிறது. ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’ ஆகிறது. ‘வந்தால்’ என்பதும் ‘வந்தா’தான். மெஷின் வழியாகக் கேட்கும் பிள்ளைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே விழும். வந்தது அவனா, அவளா, அல்லது இன்னும் யாரும் வரவே இல்லையா? உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், பணமும் மணமும், படமும் மடமும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். க, ந, ர எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. காது கேட்கும் பிள்ளை பேச்சுத் தமிழோடு பள்ளிக்கு வந்து எழுத்துத் தமிழைக் கற்கிறது. இந்தப் பிள்ளை பேச்சுத் தமிழில் பாதியோடு வந்து, எழுத்துத் தமிழைப் புது மொழி போலக் கற்கிறது. “நேத்து அம்மா நான் கடை போனது சட்டை வாங்கு” என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெண் எழுதினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவள் காதுக்கு வராத வேற்றுமை உருபு அவள் எழுத்திலும் வராது. இதை ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் எடுத்துச் சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு பாதி நின்றுவிடும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு எழுதும் காது கேளாத மாணவர்கள் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறலாம், கூடுதல் நேரமும் உண்டு. பெரும்பாலும் விடுவது ஆங்கிலத்தை. தேர்ச்சிக்கு அது உதவுகிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வு இல்லை என்பதற்காக ஆங்கில வகுப்பையே விட்டுவிட்டால், கல்லூரியில் கணினிப் பாடம் படிக்கும்போதும் வேலைக்கு மனுப் போடும்போதும் பிள்ளை திணறுகிறது. விலக்கை வாங்குங்கள், வாசிப்பை விடாதீர்கள்.

இதில் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு கூட்டமும் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. 45 டெசிபல் குறையுள்ள பிள்ளையும் ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. வீட்டில் “கூப்பிட்டா திரும்புறானே” என்பார்கள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில், ஃபேன் சத்தத்தில், ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதில் பாதி அவனுக்குப் போய்ச் சேராது. ‘கவனம் இல்லாதவன்’ என்ற பெயரோடு பத்தாவது வரை வந்துவிடுவான்.

சரி, மெஷினுக்கு வருவோம். எட்டாவது, ஒன்பதாவது வகுப்பில் பல பிள்ளைகள் திடீரென்று அதைக் கழற்றிப் பையில் போட ஆரம்பிக்கிறார்கள். வெட்கம் ஒரு காரணம், உண்மைதான். நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும், பையன்கள் முடியை ஒட்ட வெட்ட வேண்டும். இரண்டிலும் காது முழுசாக வெளியே தெரியும். தெருவில் அந்தக் கருவிக்கு வழங்கும் பெயரும் கேட்கச் சகிக்காது. ஒரு பெண் முடியை லேசாகத் தளர்த்திக் காதை மறைத்துக்கொள்ள விரும்பினால், தலைமையாசிரியர் அந்த ஒரு விதியைத் தளர்த்துவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் வெட்கத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஹியரிங் எய்டு போடும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் பொருந்தும் அச்சு, மோல்டு என்பார்கள், ஒவ்வொருவர் காதுக்கும் அளவெடுத்துச் செய்வது. பதின்வயதில் உடம்பு சடசடவென்று வளரும்போது காதும் வளரும், மோல்டு தளரும். தளர்ந்தால் சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்கில் புகுந்து ‘கீ’ என்று விசில் அடிக்கும். அமைதியான வகுப்பில் அது கேட்டதும் நாற்பது தலைகள் திரும்பும். பிள்ளை உடனே சத்தத்தைக் குறைக்கும் அல்லது அணைத்துவிடும். அப்புறம் எதுவும் கேட்காது, எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கழற்றிவிடும். வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம். சில நூறு ரூபாயில் புது மோல்டு செய்தால் தீரும் விஷயத்துக்கு அறிவுரையும் அடியும் கிடைக்கின்றன. இம்ப்ளான்ட் பிள்ளைகளுக்குக் கேபிள், காயில், பேட்டரி என்று வேறு வகைத் தொல்லை. வியர்வை, விளையாட்டு, மழை என்று உழைத்துத் தேயும் வெளிக்கருவிக்கு உதிரி பாகம் வாங்க முடியாமல், நல்ல அறுவை சிகிச்சை செய்த பிள்ளை மாதக்கணக்கில் எதுவும் கேட்காமல் இருக்கும் நிலையும் உண்டு. அறுவை சிகிச்சைக்குத் தரும் அதே முக்கியத்துவத்தை அரசு இந்தப் பராமரிப்புக்கும் தர வேண்டும்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளை சுருண்டு படுத்தால், கொஞ்ச நேரம் விடுங்கள். அரைகுறையாக வரும் சத்தத்தை நாள் முழுவதும் ஊகித்து ஊகித்து நிரப்புவது மூளைக்குக் கடுமையான வேலை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் பெஸ், பெஞ்சமின் ஹார்ன்ஸ்பி குழுவினர் இந்தக் கேட்கும் களைப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, அதை அளப்பதற்கென்றே கேள்வித்தாள்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பள்ளி முடிந்த கையோடு டியூஷன் அனுப்பும் வழக்கம் இவர்களுக்கு ஒத்துவராது. நடுவில் ஒரு மணி நேரம் சத்தமில்லாத ஓய்வு வேண்டும்.

களைத்த பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் தந்திரம் தலையாட்டுவது. புரியவில்லை என்று பத்து தடவை சொல்லி, பத்து தடவையும் எரிச்சலான முகத்தைப் பார்த்தவர்கள், பதினோராவது தடவை சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். “புரிஞ்சுதா?” என்ற கேள்வியால் பிரயோஜனமில்லை, பதில் எப்போதும் “புரிஞ்சுது”தான். “அப்போ நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், என்ன எடுத்துட்டு வரணும்?” என்று கேளுங்கள். தெரிந்துவிடும்.

இனி சொல்லப்போவது பேசத் தயங்கும் விஷயம், ஆனால் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வயதுக்கு வருவது பற்றிக் காது கேட்கும் பெண் பிள்ளைகளுக்கும் நாம் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அவர்கள் அத்தைமார் குசுகுசுப்பிலும் தோழிகளின் பேச்சிலும் எப்படியோ தெரிந்துகொள்கிறார்கள். காது கேளாத பெண்ணுக்கு அந்தக் குசுகுசுப்பு இல்லை. முதல் ரத்தத்தைப் பார்த்துத் தனக்கு நோய் வந்துவிட்டது என்று அவள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, வீடு மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடிக்கும். பட்டுப் புடவையும் மாலையுமாக மேடையில் உட்கார்ந்து, எதற்காக இதெல்லாம் என்று தெரியாமலே போட்டோவுக்குச் சிரிப்பாள். பையன்களுக்கோ அதுகூட இல்லை. அவர்களுக்குப் பாடம் நடத்துவது போனில் வரும் வீடியோக்கள். ஒன்பது, பத்து வயதிலேயே படம் வரைந்து, உறுப்புகளுக்குப் பெயரும் சைகையும் சொல்லி, நேராக விளக்கிவிட வேண்டும். யார் தொடலாம், யார் தொடக்கூடாது, ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று ஒருவர் சைகை காட்டினால் அது ஏன் ஆபத்து என்பதும் இதில் சேர வேண்டும்.

2018-ல் சென்னையில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், கேட்கும் திறன் குறைந்த பதினோரு வயதுச் சிறுமியை அங்கே வேலை செய்த பலர் மாதக்கணக்கில் பாலியல் வன்கொடுமை செய்தது வெளியே வந்தது. 2020-ல் போக்சோ நீதிமன்றம் பதினைந்து பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சொல்ல முடியாத பிள்ளை என்ற தைரியத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் நெருங்குகிறார்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 26-வது பிரிவு, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது, அந்தப் பிள்ளையின் தொடர்பு முறை தெரிந்தவரின் அல்லது சிறப்பாசிரியரின் உதவியைப் பெற இடம் தருகிறது. 38-வது பிரிவு நீதிமன்றத்திலும் அதையே சொல்கிறது. காவல் நிலையத்தில் “இதுகிட்ட எப்படி விசாரிக்கிறது?” என்று கையை விரித்தால், இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண் பேசித் தெரிவிக்கும் எண் என்பதால், பிள்ளை யாருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்பதையும் வீட்டில் முன்பே பேசி வைப்பது நல்லது.

சைகை மொழி பற்றி ஒரு பழைய பயம் இன்னும் போகவில்லை: சைகை பழகினால் பேச்சு போய்விடும். இதன் வேர் 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு. பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். 130 ஆண்டுகள் கழித்து, 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து, அதனால் விளைந்த தீமைக்கு வருத்தமும் தெரிவித்தது. நன்றாகப் பேசும் இம்ப்ளான்ட் பிள்ளைக்கும் பதின்வயதில் சைகை தெரிந்திருப்பது பலம். கல்யாண மண்டபத்திலும் பேருந்திலும் குளத்திலும் மெஷின் கைவிடும் நேரத்தில் அதுதான் கை கொடுக்கும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-ல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் சைகை கொஞ்சம் மாறும், அதனால் முதல் வாத்தியார் உங்கள் பிள்ளையாகவே இருக்கட்டும். விடுதியில் தங்கி சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்து, பேச ஆளில்லாமல், எப்போது பள்ளி திறக்கும் என்று காத்திருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. தினம் நாலு சைகை கற்றுக்கொடு என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, தன்னைப் போன்றவர்களைப் பார்ப்பது. சாதாரணப் பள்ளியில் படிக்கும் காது கேளாத பிள்ளைக்கு, அந்தப் பள்ளியிலேயே தன்னைப் போல இன்னொருவர் இல்லாமல் போவது சகஜம். பதின்வயதில் அது பெரிய தனிமை. நிகராகுவாவின் மனாகுவா நகரில் 1970-களின் கடைசியில் தொடங்கி, அதுவரை வீடுகளில் தனித்தனியாக இருந்த காது கேளாத பிள்ளைகளையும் இளைஞர்களையும் ஒரே பள்ளிகளில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவும் ஸ்பானிஷும் சொல்லிக்கொடுக்க முயன்றுகொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு சைகை மொழியையே உருவாக்கிவிட்டார்கள். மொழியியலாளர்கள் இன்றும் அதை ஆராய்கிறார்கள். சேர்ந்து இருக்க விட்டால் இந்த வயது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காது கேளாதவர் சங்கக் கூட்டத்துக்கோ விளையாட்டுக்கோ அனுப்பினால் “அங்க போனா சைகைதான் வரும்” என்று தடுக்காதீர்கள். மதுரையில் மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் ஆடும்போது எல்லோரும் மெஷினைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. பையில் ஒளித்து வைக்கும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த மைதானத்தின் வீடியோவைக் காட்டலாம்.

பதினாறு வயதிலிருந்து பொறுப்பை மெல்லக் கைமாற்ற வேண்டும். ஆடியாலஜிஸ்ட் அறையில் கேள்விக்கெல்லாம் அம்மா பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பேச விடுவதிலிருந்து தொடங்கலாம். கேட்கும் திறனைக் காட்டும் தன் ஆடியோகிராம் வரைபடத்தில் என்ன இருக்கிறது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எதற்கெல்லாம் பயன்படும், தேர்வுச் சலுகைக்குப் பள்ளி வழியாக எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கூகுளின் லைவ் டிரான்ஸ்க்ரைப் செயலி தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கிக் காட்டும். தப்பும் தவறுமாக வந்தாலும் மருந்துக் கடையில் சமாளிக்கலாம். கல்லூரி என்றால் சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன. அடையாறில் செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடமும், அரசு வேலையில் காது கேளாதவர்களுக்கு 1 சதவீத இடமும் சட்டப்படி உண்டு.

பதினெட்டு முடிந்ததும் பையன்கள் கேட்பது வேறு, பைக். “காது கேட்காதவனுக்கு லைசென்ஸ் கிடையாது” என்று வீட்டிலும் டிரைவிங் ஸ்கூலிலும் அடித்துச் சொல்வார்கள். 2011-லேயே டெல்லி உயர் நீதிமன்றம், ஓட்டுநர் தேர்வில் தேறினால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2016-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது, ஓட்டுவது பெரும்பாலும் கண்ணின் வேலை என்று காரணமும் சொல்லி. அந்த உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள். கவுன்டரில் பையன் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.